மஞ்சள் வைத்த நட்டுகள்

பிப்ரவரி 11, ஞாயிறு

ஷெட்டுக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிறது. டெரெக் காலையிலிருந்து காருக்கு அடியில் கிடக்கிறான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸிடம்தான் பேசினேன். வைத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது, மறுபடி போட்டு வைத்தேன். ஓய்வு பெற்ற புருஷன் நாள் முழுக்கக் காலைச் சுற்றுகிறான் என்று என் தோழிகள் புலம்புவார்கள். எனக்கு அந்தக் குறை கிடையாது. என் புருஷனை நான் பார்ப்பதே சாப்பாட்டு வேளையில்தான்.

மத்தியானம் கீத் வந்தான். கிட் கார் சங்கத்து ஆள். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வீட்டு ஷெட்டில் பூட்டிக் காராக்கும் பைத்தியங்களின் சங்கம் அது. கீத் இதுவரை மூன்று கார் முடித்தவன். பிரேக் இன்ஸ்பெக்டர்கள் வைத்திருப்பது போலவே ஒரு மரப்பந்து கொண்டுவந்திருந்தான். அதைக் காரின் உடம்பு முழுக்க உருட்டிப் பார்க்க வேண்டும். பந்து தொடுகிற எந்த ஓரமும் கூராக இருக்கக் கூடாது, மழுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் ரோட்டுக்கு வர முடியாது.

"இங்கெல்லாம் ரப்பர் பட்டி ஒட்டிடு" என்றான் கீத். "பாஸானதும் சாயங்காலமே பிடுங்கி எறிஞ்சிடலாம். எல்லாரும் அதான் பண்றோம்."

"பிடுங்கறதுக்கா ஒட்டறது?"

"பின்ன? கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு போடறோம்ல. மறுநாளும் அதையே போட்டுக்கிட்டா சுத்தறோம்?"

டெரெக் சிரிக்கவில்லை. விதி என்றால் அவனுக்கு விதிதான். விமான என்ஜின் கட்டியே தலை நரைத்தவன். அந்தத் தொழிற்சாலைப் பழக்கம் இங்கேயும் தொடர்கிறது: ஒரு நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கினால் உடனே அதன்மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. மஞ்சள் வைத்த நட்டை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். அது வைத்தவன் கொடுத்த வாக்கு. எங்கள் காரின் பின்பாதி முழுக்க மஞ்சள் புள்ளிகள். முன்பாதியும் இப்போது மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

கோடைக்குள் முடித்துவிடுவானாம். முடித்ததும் பாம்புக் கணவாய் மலைச் சாலையில் அவனே ஓட்டிப் போக வேண்டும், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வர வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மாவிடம் வாயை மூடச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

பிப்ரவரி 13

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய், பேன்கேக் நாள். டெரெக் எல்லாவற்றையும் தின்றுவிட்டு எலுமிச்சை போதவில்லை என்றான். ஸ்டீயரிங் தண்டு பூட்டியாயிற்று.

மார்ச் 4, ஞாயிறு

பனி. ரோடெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது. மகள் நிக்கோலா குழந்தைகளோடு வருவதாக இருந்தது, வரவில்லை. டெரெக் நாற்காலியில் தூங்கிவிட்டான். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஷெட்டுக்குப் போனேன். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளில் கீழ்க்கையில் ஈரம் தெரிந்தது, துணியால் துடைத்தேன். துணியோடு நட்டும் சுழன்றது.

விரலால் சுழற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுழன்றது. அதன்மேல் மஞ்சள் கோடு, அவன் வழக்கமாக வைக்கிற மாதிரி நேராக, அழகாக.

எழுப்பிச் சொன்னேன்.

"மஞ்சள் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கழண்டிருக்காது, மொரீன்."

வந்து பார்த்தான். அந்த நட்டை விரலால் முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "கீத்தான். அவனுக்குக் கை சும்மா இருக்காது" என்று சொல்லிவிட்டு ரிஞ்சை எடுத்து இறுக்கினான்.

கீத் அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 5

ஒரு நட்டு. யாருக்கும் நடக்கும்.

மார்ச் 18, ஞாயிறு

மறுபடி பனி. டெரெக் ரொட்டி வாங்க நடந்து போனான். நான் டார்க் ரிஞ்சை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். திருடி மாதிரி. குறித்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று அது சொல்லும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அளவுகளை அவனே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான்.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். டிக். டிக். எல்லாம் இரும்பாக நின்றன. போன கோடையில் பூட்டியவை. எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

முன்பக்கம் வந்தேன். மேல்கை சரி. அதற்குப் பக்கத்தில் இருந்தது சுழன்றது. ஸ்டீயரிங் தண்டின் மூட்டு — ஸ்டீயரிங் தண்டு! — விரலால் திருப்ப முடிந்தது. ஒன்றில் மஞ்சளுக்கு மேல் இன்னொரு மஞ்சள், இரண்டு கோடு, கீழே நட்டு தளர்ந்து கிடக்கிறது. எல்லாம் தளர்வு என்றாலும் தேவலை. சிலது இறுக்கம், சிலது இல்லை. எது எப்படி என்று மஞ்சளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்பக்கம் ஆரம்பித்தது நவம்பரில். அதற்கு அப்புறம் அவன் கை பட்டது எதையுமே நம்ப முடியாது.

இதைப் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிப்பானா? கூர் ஓரம் பார்ப்பான், விளக்கு பார்ப்பான், பெல்ட் பார்ப்பான். ஒவ்வொரு நட்டையுமா திருப்பிப் பார்ப்பான்? பாஸ் பண்ணி அனுப்பிவிடுவான். மலைச் சாலை இறக்கத்தில், ஒரு வளைவில் —

ரொட்டியோடு வந்தவன், "ஏன் வெளிறிப் போயிருக்கே?" என்றான். குளிர் என்றேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காரை நினைத்து அல்ல.

மார்ச் 21

நிக்கோலாவிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு அப்பா எங்க வீட்டு பாத்ரூம் எங்கேன்னு கேட்டாரு."

"நீ ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கற மாதிரி இல்லையேம்மா."

அவள் சொன்னது சரி. எல் போர்டு மாட்டிய பையன்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பார்க்கணும்னு பார்த்தாத்தான் கண்ணாடியில தெரியும் என்று.

ஏப்ரல் 12, வியாழன்

டாக்டர் ஒசேய் சின்னப் பெண். பேச்சு சுற்றி வளைக்கவில்லை. டிமென்ஷியா, ஆரம்ப நிலை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"மாத்திரை தரேன் டெரெக். கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். ஆனா லைசென்ஸ் ஆபீசுக்கு நீங்களே சொல்லியாகணும். அது சட்டம்."

"சொன்னா புடுங்கிடுவாங்களா?"

"உடனே இல்ல. பார்ப்பாங்க, ஓட்டிக் காட்டச் சொல்லலாம். சொல்லாம ஓட்டறதுதான் தப்பு."

"சொல்லிடறேன்" என்றான் டெரெக், தொழிற்சாலையில் மேனேஜரிடம் சொல்வது போல.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும், "கார் முடியட்டும்" என்றான். காருக்குப் பிறகு சொல்கிறேன் என்கிறானா, காரையாவது முடிக்க விடு என்கிறானா? கேட்கவில்லை.

ஏப்ரல் 22, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். முன்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று, அவன் முதுகுக்குப் பின்னால் ரிஞ்ச் வைத்துப் பார்த்தேன் என்று. கையிலிருக்கும் எதையாவது எறிவான் என்று நினைத்தேன். ஷெட்டின் ஸ்டூலில் உட்கார்ந்தான். சுவரில் தன் கையால் எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இறுக்கினேன் மொரீன். இறுக்கினது ஞாபகம் இருக்கு."

"சரி."

"ஞாபகம் இருக்குடி. கை வலிச்சதுகூட ஞாபகம் இருக்கு."

அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அம்மா செத்தபோதுதான் அழுது பார்த்திருக்கிறேன். சும்மா பக்கத்தில் நின்றேன், அவன் தலை என் வயிற்றில் சாய்ந்திருந்தது.

பிறகு அவனே எழுந்தான். முகத்தைத் துடைத்த துணியில் கிரீஸ் இருந்திருக்கிறது, மூக்கெல்லாம் கறுப்பு.

"முன்பக்கம் முழுக்கக் கழட்டு. அதைப் பூட்டின ஆளை, என்னை, நம்பாதே. மறுபடி பூட்டலாம். நான் சொல்றேன், நீ இறுக்கு. பறக்கிற என்ஜினுக்கு எப்பவும் ரெண்டு பேர். ஒருத்தன் இறுக்கணும், இன்னொருத்தன் பார்க்கணும், ரெண்டு பேரும் கலர் வைக்கணும். நான் ஒத்தையாவே பண்ணது தப்பு. சொந்தக் காருதானேன்னு விட்டுட்டேன்."

என்னிடம் வேறு கலர் இல்லை. நிக்கோலா விட்டுப்போன சிவப்பு நகப்பாலிஷ்தான் இருந்தது. போதும் என்றான்.

மே 6

வெயில் வந்துவிட்டது, ஷெட் கதவைத் திறந்து வைத்தே வேலை. என் முழங்கை இரண்டும் தேய்ந்துபோயின. எந்த போல்ட் எதற்கு, வாஷர் எந்தப் பக்கம், எதை முதலில் இறுக்குவது — எல்லாம் அவனுக்கு அப்படியே இருக்கிறது. செய்தோமா இல்லையா என்பதுதான் நிற்பதில்லை. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி அதே நட்டைக் காட்டுகிறான். சிவப்பைக் காட்டினால் ஒத்துக்கொள்கிறான்.

"இழுக்காதே, அழுத்து. ஐயோ, மாவு பிசையற மாதிரி பண்றியே."

"கத்தாதே டெரெக்."

"ஊர்ப் பசங்களையெல்லாம் திட்டித் திட்டியே சாப்பிட்டவ. இப்ப நீ வாங்கு."

இவ்வளவு நாளில் இன்றுதான் நன்றாகச் சிரித்தோம்.

மே 19

பிரேக், ஸ்டீயரிங், முன்கைகள் எல்லாம் சிவப்பு. மத்தியானத்தில் என்ஜின் ஓடியது. பக்கத்து வீட்டு நாய் வேலிக்குள் போய் ஒளிந்துகொண்டது. டெரெக் பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 3, ஞாயிறு

சண்டை. வியாழக்கிழமை சோதனை. கீத் தன் டிரெய்லரில் காரை ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறான். டெரெக் ஓட்டிக்கொண்டுதான் போவானாம். முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப் போகலாம், விதியிலேயே இருக்கிறது, இன்சூரன்ஸ் வாங்கினால் போதும் என்றான். இருக்கிறதுதான். லைசென்ஸ் ஆபீசுக்குச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"சொல்லிட்டேன்னா சொல்லிட்டேன். என்னை ஏன் குறுக்கு விசாரணை பண்றே?"

கடைசியில் டிரெய்லர் என்று முடிவானது. கீத் தன் முதுகுவலியைக் காரணம் காட்டி, வழியில் கார் நின்றுபோனால் தள்ள முடியாது என்று ஏதோ கதைவிட்டுச் சமாளித்தான். நல்லவன். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 7, வியாழன்

ஃபெயில்.

இன்ஸ்பெக்டர் பெயர் டங்கன். ஸ்காட்லாந்துக்காரர், மெதுவாகப் பேசுகிறார், கையில் டார்ச்சும் பந்தும். நாள் முழுக்க ஆயிற்று. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகட்டின் ஓரம் கூர். முழங்கால் மோதினால் அறுக்கும். பின்னால் மூடுபனி விளக்கு ரொம்பத் தாழ்வு. அப்புறம் ஸ்டீயரிங். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேருக்கு வர வேண்டும், வரவில்லை. மூன்றும் சரி செய்யக் கூடியவைதான்.

நடுவில் டங்கன் சாதாரணமாக ஒன்று கேட்டார், ஹேண்ட்பிரேக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று. டெரெக் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. கையால் காற்றில் காட்டினான். பிறகு கத்த ஆரம்பித்தான்.

"ஆகாசத்துல பறக்கிறதைக் கட்டினவன்யா நான். உன் மரப்பந்தைத் தூக்கிட்டு வந்து எனக்குச் சொல்லித் தரியா?"

நான் குனிந்து, கேபிள் போகும் வழியைக் காட்டினேன். டங்கன் கோபப்படவில்லை. எழுந்து போகும்போது என்னிடம் மட்டும், "முன்னாடி சிவப்பு வெச்சது நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு கலர் வெச்சுக் கட்டினது இங்கே அதிகம் வராது" என்று சொல்லிவிட்டு டெரெக்கைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

வரும் வழியில் டெரெக், "யாரைப் பார்த்துக் கத்தினேன்?" என்று கேட்டான்.

ஜூன் 17, ஞாயிறு



தந்தையர் தினம் என்று நிக்கோலா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் பழைய காரில் போனோம். நான் ஓட்டறேன் என்றான். தெரிந்த ரோடு, ஞாயிற்றுக்கிழமை, அவன் நாள். விட்டேன். ஏன் விட்டேன்? அந்த அளவுக்கு மோசமில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் விட்டேன்.

நன்றாகத்தான் ஓட்டினான். கண்ணாடி பார்த்தான், கியர் ஒழுங்காக மாற்றினான். பெரிய ரவுண்டானாவில் நின்றான், வலது பக்கம் பார்த்தான், வழி கிடைத்தது. நேராக வலது பக்கம் திருப்பினான். எதிர்த் திசையில். எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றி வருகிற வட்டத்துக்குள் நாங்கள் மட்டும் மாற்றி.

சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். நீல ஹெல்மெட். அவள் வாய் திறந்திருந்தது தெரிந்தது. என் வலது கால் தானாகக் கீழே அழுத்தியது. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். இதில் இல்லை, வெறும் தரைதான். ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். நடுத்திட்டில் ஏறிப் பூச்செடிகளுக்குள் நின்றோம். அந்தப் பெண் கீழே விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டெரெக் சொன்னான், "இந்த ஆளுங்கல்லாம் எந்தப் பக்கம் வராங்க பாரு. எவன்டா இவனுங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது?"

நான் இறங்கி அந்தப் பெண்ணிடம் போனேன். எனக்கு என்ன பேசினேன் என்றே நினைவில்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்க உக்காருங்க, உக்காருங்க என்றாள்.

ஜூன் 18

லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லவே இல்லை. இன்று போன் போட்டுக் கேட்டேன். உங்களிடம் சொல்ல முடியாது என்றார்கள். டெரெக்கையே பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தேன். எதுவும் வரவில்லையாம். அவன் போனை வைத்துவிட்டு, "போட்டேனே, தபால்ல தொலைஞ்சிருக்கும்" என்றான். பொய் சொல்லவில்லை. போட்டதாகவே நம்புகிறான். மஞ்சள் வைத்துவிட்டான், இறுக்கவில்லை.

இப்போது சொல்லேன், போன் பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஜூன் 19

நானே எழுதிப் போட்டுவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. கார்ச் சாவியை மாவு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 3, செவ்வாய்

பாஸ். ஸ்டீயரிங் திருத்தினோம், விளக்கை ஏற்றினோம், தகட்டு ஓரத்தை மழுக்கி ரப்பர் ஒட்டினோம். டங்கன் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையை எடுத்தார், அது சமர்த்தாக நேருக்கு வந்தது. டெரெக்கின் கையைக் குலுக்கினார். டெரெக் இந்தத் தடவை அவரை "சார்" என்றான். கிண்டலா, மரியாதையா, எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்தார்கள். பீர், பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, நல்ல வெயில். பாஸான அன்று ரப்பரைப் பிடுங்குவது அவர்களுக்கு ஒரு சடங்கு. கீத் கத்தியோடு காரின் முன்பக்கம் குனிந்தான்.

"தொடாதே" என்றான் டெரெக்.

"அட, முடிஞ்சு போச்சுப்பா. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய் டீ குடிச்சுக்கிட்டிருப்பாரு."

"இன்ஸ்பெக்டருக்கா ஒட்டினோம்? அவரு மேல நாம மோதப் போறோமா? ரோட்டுல போறவன் எவனோ ஒருத்தன் இருக்கான். அவனை நமக்குத் தெரியாது. அவனுக்கு ஒட்டினது. இருக்கட்டும்."

கீத் கத்தியை மடக்கினான். எல்லாரும் கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் தலையாட்டி, பேச்சை மாற்றினார்கள். எனக்கு மட்டும் தட்டை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. நீல ஹெல்மெட் போட்ட எவளோ ஒருத்தி. உள்ளே போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூலை 5, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆபீசுக்கு நான் எழுதிப் போட்டதை. காலை உணவு மேஜையில், அவன் நல்ல தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து. ரவுண்டானாவையும் சொன்னேன். அவனுக்கு அது நினைவில்லை. அதுதான் கொடுமை, நடந்ததே தெரியாதவனுக்குத் தண்டனை.

"நீயே என்னைப் புடிச்சுக் கொடுத்துட்டே."

"ரோட்டுல போறவன் ஒருத்தன் இருக்கான்னு நீதானே டெரெக் சொன்னே."

ரொம்ப நேரம் டோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"உன்கிட்டே கத்துக்கிட்ட பசங்க எத்தனை பேரு. ஒருத்தனையாவது அவன் முதுகுக்குப் பின்னாடி ஃபெயில் பண்ணியிருக்கியா?"

இல்லை. ஒருவனைக்கூட இல்லை. முகத்துக்கு நேரேதான் சொல்லுவேன், அப்புறம் அவன் அழுது முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருப்பேன்.

ஜூலை 6

நிக்கோலாவின் பழைய அறையில் படுத்துக்கொண்டான்.

ஜூலை 27, வெள்ளி

ஆபீசிலிருந்து வந்துவிட்டது. ஓட்டக் கூடாது. லைசென்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் ஒசேயிடமும் கேட்டிருக்கிறார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லை, நேராகவே முடித்துவிட்டார்கள்.

அவனே பர்ஸிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். அதிலிருந்த போட்டோ பழையது, தலைமுடி நிறைய. ஷெட்டுக்குப் போய்க் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். என்ஜின் போடவில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. போகவில்லை. நான் வந்தால் அவன் எழுந்துவிடுவான் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 8

நம்பர் வந்தது. தகட்டை நானே பூட்டினேன். டெரெக் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்று வார்த்தை பேசினான்: "கோணலா இருக்கு, பாரு." கழற்றி நேராகப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

கீத் வந்து, விற்றுவிடலாமே, வாங்க ஆள் இருக்கிறது என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் கேட்டது டெரெக்கை. டெரெக் என்னைக் காட்டி, "அவகிட்ட கேளு. இப்ப லைசென்ஸ் அவகிட்டதான் இருக்கு" என்றான். குத்தலாகத்தான் சொன்னான். ஆனாலும் ஒன்றரை மாதத்தில் என்னைப் பற்றி அவன் சொன்ன முதல் பேச்சு.

விற்க மாட்டேன் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்குக் கார்ப் பைத்தியம் கிடையாது. முதுகு வலிக்கும், மழை பெய்தால் நனையும், குனிந்து ஏற வேண்டும்.

ஆகஸ்ட் 25

டெரெக் இன்று என் பெயரை மறந்துவிட்டான். மத்தியானம், கொஞ்ச நேரம்தான். "அம்மா, கொஞ்சம் உப்பு" என்றான். பிறகு வந்துவிட்டது. ராத்திரி எங்கள் அறைக்குப் படுக்க வந்தான். ஏதாவது சொல்வானோ என்று காத்திருந்தேன். போர்வையை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

செப்டம்பர் 2, ஞாயிறு

காலையில் வெயில் வந்ததும் ஷெட்டைத் திறந்தேன். காரை நானே பின்னோக்கி எடுத்து வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். டெரெக் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். எங்கே போகிறோம் என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

வலது பக்கம் வந்து நின்றான். ஸ்டீயரிங்கைப் பார்த்தான். உட்கார வேண்டும் என்றால் உட்காரட்டும், வாசலிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும், சாவி என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் அங்கிருந்து நகர்ந்தான். காரின் மூக்குப்பக்கமாகச் சுற்றி, அதன் உடம்பின்மேல் கையை ஓட்டிக்கொண்டே நடந்து, இடது பக்கம் போய்க் காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான். பெல்ட்டை அவனே இழுத்து மாட்டினான். இழுத்து ஒரு தரம் சோதித்தும் பார்த்தான்.

நான் ஏறினேன். சாவி சரியாக நுழையவில்லை. அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் நிறுத்தினேன். கார் ரொம்பத் தாழ்வு, வேலிச்செடி மறைத்தது. வலது பக்கம் எதுவும் தெரியவில்லை, அவசரப்பட்டு மூக்கை நீட்டப் பார்த்தேன். டெரெக் என் கைமேல் கையை வைத்தான்.

"பொறு. இன்னும் பார்க்கல நீ. ஒரு டிராக்டர் வருது பாரு, அது போகட்டும். பின்னாடி சைக்கிள் ஒண்ணு. அதுவும் போகட்டும்."

டிராக்டர் போனது. சைக்கிள்காரன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். டெரெக்கும் கையை ஆட்டினான். பிறகு இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தான், நான் பையன்களுக்குக் காட்டிக் கொடுப்பேனே அப்படி.

"இப்ப போ" என்றான்.